புதுப்பிப்பு: காது கேளாத பழைய சிபி ரேடியோ சரியாகிவிட்டது

ஹட்டனில் என்னிடம் உள்ள 40 சேனல் சிபி செட் (பொதுமக்கள் பேசிக்கொள்ளும் இருவழி ரேடியோ), அனுப்புவது சரி, ஆனால் பக்கத்து அறை சிக்னலைத் தவிர எதுவும் கேட்பதில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றினேன். ஸ்பீக்கர் உறுமல் நின்றது, காது திறக்கவில்லை. கைகொடுத்தது, "ஐஎஃப் கேனைக் கழற்றி அடியில் பார் தம்பி" என்ற அண்ணனின் யோசனைதான். ஐஎஃப் கேன் என்றால், ரேடியோவின் இடைநிலை அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்க்கும் சுருள் இருக்கும் சின்ன உலோகக் கூடு. மஞ்சள் கோர் (திருப்பிச் சுருதி சேர்க்கும் காந்தத் திருகு) உள்ள 455 கிலோஹேர்ட்ஸ் கேனுக்குள் பென்சில் முனையளவு குழாய் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. அதன் வெள்ளிப் பூச்சு கறுத்து அரித்துப்போயிருந்தது. எங்கள் ஊர் மூடுபனிக்கு அது எத்தனை வருஷம் தாங்கும்! அதை நசுக்கி எடுத்துவிட்டு, கேனின் ஓரக் கால்கள் இரண்டுக்கும் நடுவே, போர்டின் அடியில் 180 பிகோஃபரட் செராமிக் ஒன்றைப் பற்றவைத்தேன். கோரைத் திருப்பியதும் சத்தம் குபீரென்று ஏறியது.

எதிர்பாராதது ஒன்று: இரும்பு ஸ்க்ரூடிரைவரால் கோரைத் திருப்பி, சிக்னல் கூடுதலாக வரும் உச்சத்தைப் பிடித்தால், அதை வெளியே எடுத்ததும் உச்சம் நகர்ந்துவிடுகிறது. பழைய பல் பிரஷ் கைப்பிடியைச் சீவித்தான் சமாளித்தேன். சிக்னலைக் குறைத்து வைத்தே திருப்புங்கள். பலமாக இருந்தால் ஏஜிசி (சத்தத்தைத் தானாகச் சமன்செய்யும் சுற்று) உச்சத்தை மறைத்துவிடும்.

அப்புறம், டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) சேனல் 19-ஐ அளந்தேன்: 27.185 மெகாஹேர்ட்ஸுக்குப் பதில் 27.1838. அதை 10.240 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலின் டிரிம்மர் (அதிர்வெண்ணை நுணுக்கமாக நகர்த்தும் திருகு) சரிசெய்தது. இன்னொரு ஐஎஃப் கேனில் கோர் லேசாக வெடித்திருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை.