'டெட்' எல்லாம் சாவு இல்லை

> 'டெட்' வரும் தொடர்களுக்கெல்லாம் ஒரே முன்னொட்டு வைத்துவிட்டால் அகராதி வேலை சுலபமாகும். 'உயிரற்ற' அல்லது 'இறந்த' என்று முடிவு செய்யலாமா?

சுலபம்தான், ஆனால் கப்பலில் ஏறியதும் மாட்டிக்கொள்வோம். கட்டடக்காரருக்கு 'டெட் லோட்' என்பது கட்டடத்தின் சொந்த எடை. கம்பி போட்ட கான்கிரீட் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,500 கிலோ. ஐந்து அங்குலத் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது அங்கேயே இருக்கும். கப்பல்காரரின் 'டெட்வெயிட்' இதற்கு நேர் எதிர். கப்பலின் சொந்த எடையைக் கழித்துவிட்டு, சரக்கு, எரிபொருள், குடிநீர், மாலுமிகள் என அது சுமக்கக்கூடிய எல்லாவற்றின் மொத்த எடை. ஒரே முன்னொட்டைப் போட்டால் இரண்டில் ஒன்று பொய்யாகும். முன்னதற்கு 'நிலைச்சுமை', பின்னதற்கு 'தாங்கெடை' என்பேன்.

அணையின் 'டெட் ஸ்டோரேஜ்' பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. முல்லைப் பெரியாற்றில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கப்பாதை வழியாகத் தமிழகத்துக்குத் தண்ணீர் வராது. அந்த மட்டத்துக்குக் கீழே கிடப்பதுதான் இது. அதில் மீன் இருக்கிறது, யானை இறங்கிக் குடிக்கிறது. அதைப் போய் 'இறந்த நீர்' என்றால், பாசி பிடித்து நாறும் குட்டைதான் நினைவுக்கு வரும்.

'எட்டாநீர்' என்று முதலில் நானே எழுதி வைத்திருந்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். கடும் கோடையில் மோட்டார் வைத்து அதையும் இறைக்கத்தானே செய்கிறார்கள்? எட்டாது என்பது சரியில்லை, தானாக மதகு வழியே வராது, அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வற்றும்போது பெரியவர்கள் சொல்வது: "தண்ணி கிடக்கு, ஆனா மடை ஏறாது." இதைவிடத் துல்லியமான வரையறையை எந்தப் பாடநூல் கொடுக்கும்? 'மடையேறா நீர்' என்றே வைக்கலாம். வண்டல் படிவதற்கென்று கணக்குப் பண்ணி விட்ட இடமும் அதுவே என்பதால், கொள்ளளவைச் சொல்லும் இடத்தில் 'மடையேறாக் கொள்ளளவு'.

அடுத்தது இயந்திரத்தின் 'டெட் சென்டர்'. காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டும் சக்கரத்தின் அச்சும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றுவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் அசையாது. கையால் மேல் சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளிவிட வேண்டும், பின்பக்கமாகத் தள்ளினால் நூல் அறுந்துபோகும். எஞ்சினில் பிஸ்டன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் இருக்கும்போது நடப்பதும் இதேதான். அடித்தாலும் நகராத மாட்டைச் சண்டி என்கிறோமே, இதைச் 'சண்டிப்புள்ளி' என்றால் என்ன? மேல் சண்டிப்புள்ளி, கீழ்ச் சண்டிப்புள்ளி. சிரிப்பு வரலாம், ஆனால் மாணவன் மறக்க மாட்டான்.

மற்றவை சில்லறை. 'டெட்லைன்' கெடு. அதை யாரும் மாற்ற வேண்டாம். 'டெட் எண்ட்' முட்டுச்சந்து. கடையில் தங்கிவிட்ட 'டெட் ஸ்டாக்' போகாத சரக்கு.

'டெட்லாக்' மட்டும் இடறுகிறது. முட்டுக்கட்டை என்று எழுதுகிறார்கள். அது தேர்ச் சக்கரத்துக்கு ஒருவர் வேண்டுமென்றே போடும் கட்டை. கணினியில் யாரும் எதையும் போடுவதில்லை. ஒரு நிரல் பிடித்திருப்பதை மற்றது கேட்கிறது, மற்றது பிடித்திருப்பதை இது கேட்கிறது, இரண்டும் விடாமல் காத்திருக்கின்றன. கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ரா இதை 'சாவுத் தழுவல்' என்ற பொருளில் குறிப்பிட்டார்; அங்கே மட்டும் சாவு பொருத்தம்தான். சந்தில் எதிரெதிரே வந்து நிற்கும் இரண்டு லாரிகளை வைத்து 'எதிர்முட்டு' என்று யோசித்தேன். ஆனால் மூன்று, நான்கு நிரல்கள் வட்டமாகச் சிக்கும்போது 'எதிர்' என்பது ஒட்டவில்லை. யாராவது இதற்கு ஒன்று சொல்லுங்களேன்.