சுவிஸிலிருந்து களுவாஞ்சிகுடிக்குப் பணம்: எந்த ஸ்விஃப்ட் குறியீட்டைக் கொடுப்பது?

களுவாஞ்சிகுடியான்:
அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக, சுவிஸிலுள்ள அண்ணா அம்மாவின் கணக்குக்கே நேரடியாகப் பணம் அனுப்ப விரும்புகிறார். அங்குள்ள வங்கி ஸ்விஃப்ட் குறியீட்டையும் (வெளிநாட்டுப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டுவது) ஐபான் இலக்கத்தையும் (பல நாடுகளில் வழங்கும் சர்வதேசக் கணக்கிலக்கம்) கேட்கிறது. அம்மாவின் சேமிப்புப் புத்தகத்திலோ கணக்கிலக்கமும் கிளையின் பெயரும்தான் உள்ளன. இணையத்தில் தேடினால், எங்கள் வங்கிக்கு ஓரிடத்தில் 8 எழுத்துக் குறியீடும், இன்னோரிடத்தில் ஈற்றில் மூன்று எக்ஸ் சேர்ந்த 11 எழுத்துக் குறியீடும் காணப்படுகின்றன. எது சரி? களுவாஞ்சிகுடிக் கிளைக்குத் தனிக் குறியீடு இல்லையென்றால் பணம் கொழும்பிலேயே நின்றுவிடுமா?

கல்முனை, ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்:
தம்பி, இரண்டும் ஒன்றுதான். முதல் 4 எழுத்துகள் வங்கியையும், அடுத்த 2 நாட்டையும், அதற்கடுத்த 2 இடத்தையும் குறிக்கும். இலங்கை வங்கி எதுவானாலும் ஐந்தாம் ஆறாம் எழுத்துகள் எல், கே என்றே இருக்க வேண்டும், அதை முதலில் சரிபாருங்கள். கடைசி 3 எழுத்துகள் கிளைக்குரியவை; அங்கே மூன்று எக்ஸ் இருந்தால் தலைமை அலுவலகம் என்று பொருள். ஸ்விஃப்ட் குறியீடு பணத்தை வங்கி வரைக்கும் கொண்டுவரும், அங்கிருந்து அம்மாவிடம் சேர்ப்பது கணக்கிலக்கமே என்பதால், கிளைக்குத் தனிக் குறியீடு இல்லாததையிட்டுப் பயப்பட வேண்டாம். கணக்கிலக்கத்தில் முன்னால் வரும் பூச்சியங்களையும் விடாமல் எழுதி, கிளையின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

இலங்கை ஐபான் முறையில் இல்லை. ஆகவே யாராவது அப்படியோர் இலக்கத்தை உருவாக்கித் தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். படிவத்தில் ஐபான் கேட்கும் இடத்தில் கணக்கிலக்கத்தையே எழுதலாமா என்று அண்ணா தமது வங்கியில் கேட்கட்டும்.

அக்கரைப்பற்று வாசகர்:
ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். உள்நாட்டுப் பரிமாற்றத்துக்குரிய 4 இலக்க வங்கிக் குறியீட்டையும் 3 இலக்கக் கிளைக் குறியீட்டையும் ஸ்விஃப்ட் என்று நினைத்துக் கட்டாரிலிருந்த தம்பிக்கு அனுப்பிவிட்டேன். அவர் இரண்டு முறை வங்கிக்கு அலைந்தார். பிறகு பெயரில் சிக்கல் வந்தது. உம்மாவின் கணக்கில் முதலெழுத்துகள் விரிவாக இருந்தன, நாங்கள் சுருக்கி எழுதியிருந்தோம். புத்தகத்தில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள்.

களுவாஞ்சிகுடியான்:
மிக்க நன்றி. அனுப்பிய தொகை குறையாமல் வந்து சேருமா?

கல்முனை, ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்:
இடையிலுள்ள வங்கி கட்டணம் கழிக்கக்கூடும். செலவு முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் தெரிவு படிவத்தில் இருக்கும். சத்திரசிகிச்சைக்கான பணம் என்பதால் அண்ணா அதையே தெரிவுசெய்யட்டும். அனுப்பியதற்கான பற்றுச்சீட்டையும் அதிலுள்ள தொடர்பிலக்கத்தையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், பணம் தாமதித்தால் கிளையில் அதைக் காட்டித்தான் தேடச் சொல்ல முடியும்.