அயல்நாட்டுத் தன்னார்வப் பணி முடியும் தறுவாயில்: எப்படி விடைபெறுவது?

கேள்வி

வணக்கம். அயல்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் தன்னார்வலராக அறிவியல் கற்பிக்கும் என் இரண்டாண்டுப் பணி இன்னும் ஆறு வாரங்களில் நிறைவடைகிறது. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஆய்வகத்தைத் திறந்து, மாணவர்களே சோதனைகளைச் செய்து பார்க்கும்படி ஓரளவு ஒழுங்குபடுத்தினேன். நான் புறப்பட்ட மறுமாதமே அந்தக் கதவு மீண்டும் பூட்டப்பட்டுவிடுமோ என்ற எண்ணம் இரவில் உறங்கவிடுவதில்லை. "மறுபடி எப்போது வருவீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்கும்போது விடை சொல்வது அதைவிடக் கடினமாக இருக்கிறது. வருவேன் என்று சொல்லத்தான் நா எழுகிறது. ஆனால் அது நடக்குமா என்பது எனக்கே உறுதியில்லை. முன்பே பணி முடித்துத் திரும்பியவர்கள் கடைசி வாரங்களை எதற்குச் செலவிட்டீர்கள்?

முதல் மறுமொழி

அந்த ஆய்வகத்தின் சாவி இன்று யாரிடம் இருக்கிறது? உங்களிடம்தான் இருக்கிறது என்றால், கடைசி நாள்வரை காத்திராமல் இந்த வாரமே அங்குள்ள ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்; அவர் சோதனையை நடத்தட்டும், நீங்கள் கடைசி வரிசையில் அமர்ந்து பாருங்கள். நான் இதைச் செய்யத் தவறியவன். ஒரு சுகாதார நிலையத்தின் தடுப்பூசிப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றி, புறப்படும் நாள்வரை நானே நிரப்பிக்கொண்டிருந்தேன். இரண்டே மாதங்களில் அவர்கள் பழைய நோட்டுக்குத் திரும்பிவிட்டதாகச் செய்தி வந்தபோது முதலில் வருந்தினேன். பிறகுதான், எந்தக் குழந்தையின் வீடு எந்தப் பாதையில் இருக்கிறது என்று செவிலியர்கள் ஓரத்தில் குறித்துவந்த விவரத்துக்கு என் அட்டவணையில் இடமே இல்லை என்பதை உணர்ந்தேன். அதைப் பற்றி நான் அவர்களிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

விடைபெறுதலும் பணியின் ஒரு பகுதியே. 1961-இல் தொடங்கப்பட்ட, அயல்நாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான அமைதிப் படையில் (Peace Corps), பயிற்சியும் சேர்த்து 27 மாதம் பணியாற்றும் தன்னார்வலர்களுக்கு, பணி முடியச் சில மாதங்கள் இருக்கும்போதே அதற்கென ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். அத்தகைய ஏற்பாடு உங்களுக்கு இல்லாவிட்டால் நீங்களே அதை அமைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். திரும்பி வர இயலுமா என்று தெரியாது எனச் சொல்லும் பெரியவரை அவர்களால் மன்னிக்க முடியும். வருவதாகச் சொல்லிவிட்டு வராதவரை அவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்திருப்பார்கள்.

இரண்டாம் மறுமொழி

ஊர் திரும்பிய பிறகு வரும் தடுமாற்றத்துக்கும் உங்களை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள். அயல்நாட்டில் வாழ்பவரின் மனநிலை முதலில் உயர்ந்து, பின் தாழ்ந்து, மீண்டும் தேறுவதை நார்வே சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955-இல் விவரித்தார். தாயகம் திரும்பியதும் அதே இறக்கமும் ஏற்றமும் இன்னொரு முறை நிகழ்கின்றன என்று 1963-இல் குல்லஹார்ன் என்ற ஆய்வாளர் இணையர் அதை விரித்தெழுதினர். என் வாழ்வில் அந்த இரண்டாம் இறக்கமே ஆழமானதாக இருந்தது. இரண்டாண்டு எப்படி இருந்தது என்று கேட்டவர்கள், நான் மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் வேறு பேச்சுக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். நான் சொன்ன முகங்களை அவர்கள் கண்டதில்லை. அதே பணியிலிருந்து திரும்பிய ஒருவருடன் மாதம் ஒருமுறை பேசியதுதான் என்னைத் தேற்றியது.

மூன்றாம் மறுமொழி

மலேரியா உள்ள பகுதியில் இருந்தீர்கள் என்றால் ஒரு சொல். வெளியேறிய நாளோடு தடுப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்: அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் மேலும் 7 நாள், டாக்சிசைக்ளின் அல்லது மெஃப்ளோகுயின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். அதன்பின் ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சாவியைத் திங்களன்றே கொடுத்துவிட்டேன். நேற்று அந்த ஆசிரியர் சோதனை நடத்த, நான் பின்னால் அமர்ந்திருந்தேன். இரண்டாண்டுகளில் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்காத கேள்விகளைப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில் அவரிடம் அடுக்கடுக்காகக் கேட்டார்கள். அவற்றில் பாதிதான் எனக்குப் புரிந்தது. திரும்பி வருவது பற்றி வெள்ளிக்கிழமை அவர்களிடம் பேசப்போகிறேன்.