வீட்டுக் கடன் வாங்கியபோது "உங்களால் கட்ட முடியுமா?" என்று கேட்டார்களா? உங்கள் அனுபவம்

காரைக்குடியிலிருந்து:

2021 கடைசியில் செக்காலையில் வீடு வாங்க 20 லட்சம் கடன் எடுத்தோம். 20 வருடம், 7 சதவீதம், மாதம் 15,506 ரூபாய். சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் கேட்டார்கள், அவ்வளவுதான். மாமியாரின் மருந்துச் செலவு, பையனின் பள்ளிக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை, கடன் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ (வங்கிகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி), அடுத்த பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அதோடு சேர்ந்து மாறும் எங்கள் வட்டியும் 9.5க்கு வந்துவிட்டது. தவணை மாறாததால் நிம்மதியாக இருந்தோம். கணக்குத் தாளை வாங்கிவந்து திண்ணையில் உட்கார்ந்து பார்த்த அன்று வயிற்றைக் கலக்கியது. கட்டிய 15,506 முழுக்க வட்டிக்கே போயிருந்தது. அசல் 19 லட்சத்து 60 ஆயிரத்தில் அப்படியே நின்றது. அப்புறம் நகையை விற்று 3 லட்சம் அசலில் கட்டி, தவணையை 17,000 ஆக்கினோம்.

ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று சொன்னது இதைத்தான்: வட்டி ஏறினால் தாங்குவார்களா என்று கடன் கொடுக்கும்போதே பார்க்க வேண்டும். தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். நீட்டுகிறேன் என்று அசலை ஏற விடக் கூடாது. எங்களிடம் அன்றைக்கே ஒருவர் கேட்டிருந்தால் 15 லட்சத்தோடு நின்றிருப்போம்.

தேவகோட்டை, இப்போது அமெரிக்காவில்:

அக்கா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. இங்கே 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, வங்கிகளைக் கட்டுப்படுத்த 2010இல் டாட்-ஃபிராங்க் என்ற சட்டம் வந்தது. 2014 ஜனவரி 10 முதல், வருமானம், வேலை, மற்ற கடன்கள், வீட்டு வரி என்று எட்டு விஷயங்களையாவது ஆவணத்தோடு சரிபார்க்காமல் வீட்டுக் கடன் கொடுக்க முடியாது. மாறும் வட்டி என்றால் தொடக்கச் சலுகை வட்டியை மட்டும் வைத்துக் கணக்குப் போடவும் கூடாது.

அப்பச்சி ஊரிலிருந்து அனுப்பிய பணத்துக்கு, "இது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம்" என்று அவர் கையெழுத்தோடு கடிதம் கேட்டார்கள். "மகனுக்குக் கொடுத்ததுக்கு எதுக்குச் சீட்டு?" என்று அவருக்கு ஒரே கோபம். நான் கேட்ட கடன் தொகையையும் குறைத்தார்கள். அன்று எனக்கு வருத்தம்தான். மூன்றாம் வருடம் குழந்தை பிறந்து என் மனைவி வேலையை விட்டாள். ஒரு தவணைகூடத் தவறவில்லை.