ரெட் நோட்டீஸும் ஒப்பந்தமும் இருந்தும் ஆளை ஒப்படைக்க மறுப்பது ஏன்?

கேள்வி:
கொலை, பெரும் பண மோசடி போன்ற வழக்குகளில் தேடப்படும் ஒருவர் வெளிநாட்டில் பிடிபடுகிறார். இன்டர்போல் ரெட் நோட்டீஸ் இருக்கிறது, தேடப்படுபவர்களை ஒப்படைக்க இரு நாடுகளுக்கும் ஒப்பந்தமும் இருக்கிறது. அப்படியும் சில வாரங்களில் வெளியே வந்துவிடுகிறார், இல்லையென்றால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. சிக்கல் எந்தப் படியில் வருகிறது?

பதில் 1:
ரெட் நோட்டீஸைப் பிடிவாரண்ட் என்று நினைப்பதில்தான் முதல் குழப்பம். "இவரைத் தேடுகிறோம், இடம் தெரிந்தால் சொல்லுங்கள், முடிந்தால் தற்காலிகமாகக் கைது செய்யுங்கள்" என்று உறுப்பு நாடுகளுக்குப் போகும் வேண்டுகோள் அது. அதை வைத்தே கைது செய்யச் சில நாடுகளின் சட்டம் இடம் தருகிறது. அமெரிக்காவில் அது மட்டும் போதாது. உள்ளூர் நீதிபதியிடம் தனியாக வாரண்ட் வாங்க வேண்டும்.

சில வாரங்களில் வெளியே வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கெடுதான். தற்காலிகக் கைது நடந்த நாளிலிருந்து, ஆளை ஒப்படைக்கக் கேட்கும் முழுக் கோரிக்கை குறித்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். 1957ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒப்படைப்பு உடன்படிக்கையில் 18 நாளுக்குள் வராவிட்டால் விடுவிக்கலாம். 40 நாளைத் தாண்டி வைத்திருக்கவே முடியாது. ஐ.நா.வின் 1990 மாதிரி ஒப்பந்தமும் 40 நாள் என்றே சொல்கிறது. அதற்குள் வாரண்ட், குற்றம் நடந்த இடம், காலம், விவரம், பொருந்தும் சட்டப்பிரிவுகளின் நகல், ஆளை அடையாளம் காட்டும் குறிப்புகள் எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். ஆள் பிடிபட்ட பிறகு மொழிபெயர்க்கத் தொடங்கினால் நாள் போதாது. நோட்டீஸ் கேட்கும்போதே கோப்பு தயாராக இருக்க வேண்டும். ஆனால் கெடு தப்பி விடுவித்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. கோரிக்கை பின்னால் வந்து சேர்ந்தால் மறுபடி கைது செய்யலாம், அதற்குள் அவர் அந்த நாட்டை விட்டுப் போகாமல் இருந்தால்.

பதில் 2:
ஆண்டுக்கணக்கில் இழுப்பது அடுத்த கட்டத்தில். செயல் இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றமாக இருக்க வேண்டும். பிரிவின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, செயல்தான் கணக்கு. பழைய ஒப்பந்தங்களில் குற்றங்களின் பட்டியல் இருக்கும். கணினிக் குற்றம் போன்றவை அதில் இருக்காது. புதியவை பெரும்பாலும் "குறைந்தது ஓராண்டுச் சிறைக்கு உரிய குற்றம்" என்ற பொது அளவை வைத்துக்கொள்கின்றன.

எந்தத் தேதியில் குற்றமாக இருந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பிரிட்டனில் பிடிபட்ட சிலியின் முன்னாள் அதிபர் பினோசேயை ஸ்பெயின் கேட்டபோது, வெளிநாட்டில் நடந்த சித்திரவதை பிரிட்டிஷ் சட்டத்தில் குற்றமானதே 1988 செப்டம்பர் 29 முதல்தான் என்று 1999இல் பிரபுக்கள் சபை (அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் போல இருந்தது) நீதிபதிகள் கணக்கிட்டார்கள். அதற்கு முந்தைய குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு தேதியால் விழுந்தன. மற்ற நீதிமன்றங்களும் இதே கணக்கைப் போட வேண்டியதில்லை. கோரிக்கை வந்த நாளில் குற்றமாக இருந்தால் போதும் என்று கொள்ளும் நாடுகளும் உண்டு. கோரிக்கையின் வரைவை எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த பல நாடுகள் முதல்நோக்கிலான ஆதாரமும் (மறுக்கப்படாவிட்டால் வழக்கு நடத்தப் போதுமான ஆதாரம்) கேட்கும். சாட்சி வாக்குமூலங்களை வெட்டி ஒட்டி, ஒரே வாசகத்தைப் பல சாட்சிகள் வாயில் வைத்து அனுப்பினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

பதில் 3:
மேலே சொன்னவற்றோடு உறுதிமொழிகளையும் சேர்க்க வேண்டும். 1989இல், கொலை வழக்கில் அமெரிக்கா பிரிட்டனிடம் கேட்ட சோரிங் என்பவரின் வழக்கில், மரண தண்டனைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலைமைக்கு அவரை அனுப்புவது மனித உரிமை மீறலாகும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போதிருந்து, மரண தண்டனைக்கு உரிய வழக்குகளில் அதை விதிக்க மாட்டோம், விதித்தாலும் நிறைவேற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுக்காமல் ஐரோப்பிய நாடுகளிடமிருந்து ஆளைப் பெறுவது நடக்காத காரியம்.

எழுதிக் கொடுத்ததை அப்படியே கடைப்பிடிக்கவும் வேண்டும். 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை 2005இல் போர்ச்சுகல் ஒப்படைத்தபோது, மரண தண்டனை இல்லை, 25 ஆண்டுக்கு மேல் சிறையும் இல்லை என்று இந்தியா உறுதி தந்திருந்தது. அந்த உறுதிமொழி மத்திய அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தக் குற்றங்களுக்காக ஒப்படைத்தார்களோ அவற்றுக்கு மட்டுமே விசாரணை என்ற விதியும் உண்டு. புதிய குற்றச்சாட்டு சேர்க்க, ஒப்படைத்த நாட்டின் சம்மதம் வேண்டும். அதை மீறினால் இந்த வழக்கோடு அடுத்து அனுப்பும் கோரிக்கைகளும் சேர்ந்து கெடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒப்பந்தமே இல்லை, அல்லது அவர் அந்த நாட்டின் குடிமகன் என்றால்?

பதில் 2:
ஒப்பந்தம் இல்லாவிட்டால், இரு நாடும் சேர்ந்திருக்கும் பலதரப்பு உடன்படிக்கையைத் தேடுங்கள். திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான 2000ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, ஊழலுக்கு எதிரான 2003ஆம் ஆண்டினது, இரண்டையுமே சட்ட அடிப்படையாகக் கொள்ளலாம். அந்த நாடு அப்படி ஏற்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். "எங்களுக்கும் இப்படித் தேவைப்பட்டால் செய்வீர்களா" என்ற பரஸ்பர உறுதியின் பேரிலும் சில நாடுகள் ஒப்படைக்கும்.

பிரான்ஸ், பிரேசில் போன்ற நாடுகள் பொதுவாகத் தம் குடிமக்களை வெளியே அனுப்புவதில்லை. (ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2004 முதல் நடைமுறையில் இருக்கும் கைது வாரண்ட் முறை வேறு: குடியுரிமையைக் காட்டி மட்டும் பொதுவாக மறுக்க முடியாது, முடிவுக்கு 60 நாள் இலக்கு.) அனுப்பாவிட்டால் அங்கேயே வழக்கு நடத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்போது வாரண்ட் நகல் மட்டும் உதவாது. சாட்சிகள், மூல ஆவணங்கள், தடயங்கள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டியது நீங்கள்தான். செனகலில் தங்கியிருந்த சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹப்ரே விஷயத்தில், ஒப்படைக்காவிட்டால் தாமதிக்காமல் வழக்குத் தொடர நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2012இல் சர்வதேச நீதிமன்றம் செனகலுக்குச் சொன்னது. 2016இல் செனகலின் தலைநகர் டாக்கரிலேயே அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.