பவர்ஷெல்லை எங்கிருந்து ஆரம்பிப்பது? கிளைக் கடைகளின் பில் ஃபைல்களைச் சேர்க்க வேண்டும்

மாசிவீதி_கணக்கு:
வணக்கம். தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி கிளைகளில் இருந்து தினமும் ராத்திரி சிஎஸ்வி ஃபைல் (கமாவால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) வரும். எல்லாவற்றையும் எக்செல்லில் திறந்து, காப்பி பேஸ்ட் செய்து, கிளைவாரியாக மொத்தம் போடுவதுதான் காலையில் முதல் வேலை, சித்திரைத் திருவிழா சமயத்தில் பில் குவிந்துவிட்டால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். விண்டோஸில் கட்டளை தட்டி வேலை வாங்குகிற பவர்ஷெல்லில் சுலபம் என்கிறார்கள். பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டுவது) கொஞ்சம் தெரியும், ப்ரோகிராமிங் தெரியாது. கடை சிஸ்டம் விண்டோஸ் 10. எதில் தொடங்கலாம்? இல்லை, பைத்தானே படித்துவிடலாமா?

திருநகர்க்காரன்:
இதற்குப் பைத்தான் வேண்டாம் தம்பி. விண்டோஸ் 10-இலேயே பவர்ஷெல் 5.1 இருக்கிறது, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் இன்றைக்கே உட்காரலாம். (போனில் எழுதுகிறேன், கட்டளைகளும் தமிழ் எழுத்தில்தான் வரும், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

பேட்ச் பழகியவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்றுதான். அங்கே ஒரு கட்டளை அடுத்ததற்குக் கொடுப்பது வெறும் எழுத்து, அதில் எங்கே கமா, எத்தனையாவது நெடுவரிசை என்று நாமே வெட்டி எடுக்க வேண்டும். இங்கே பைப் (ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்கு அனுப்பும் | குறி) வழியாகப் போவது டாட்நெட் ஆப்ஜெக்ட், அதாவது விவரங்களைப் பெயரோடு பிரித்து வைத்திருக்கும் ஒரு பொட்டலம். இம்போர்ட்-சிஎஸ்வி கொடுத்தால் ஒவ்வொரு பில் வரியும் ஒரு ஆப்ஜெக்ட், தலைப்பு வரியில் இருக்கிற கிளை, தேதி, தொகை எல்லாம் அதன் ப்ராப்பர்ட்டி (பெயரிட்ட விவரம்). அப்புறம் குரூப்-ஆப்ஜெக்ட்டில் கிளைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் மெஷர்-ஆப்ஜெக்ட்டுக்கு அனுப்பி -சம் போட்டால் மொத்தம் வந்துவிடும். உங்கள் காலை வேலை மொத்தமே நாலைந்து வரிதான்.

முதலில் பழக வேண்டியது கெட்-கமாண்ட் (கட்டளைகளைத் தேட), கெட்-ஹெல்ப் (அவற்றுக்கு விளக்கம் பார்க்க), கெட்-மெம்பர். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் முக்கியம். எதையும் அதற்குள் பைப் செய்தால் உள்ளே என்ன ப்ராப்பர்ட்டி இருக்கிறது, எழுத்தா எண்ணா என்று காட்டிவிடும், அதைப் பார்க்காமல் அடுத்த கட்டளை எழுதாதீர்கள். உதாரணமாக, சிஎஸ்வியில் இருந்து வருவது எல்லாமே எழுத்துதான். தொகை -ஜிடி 1000 (1000-ஐ விடப் பெரியது) என்று வடிகட்டினால் 900 ரூபாய் பில்லும் வந்து நிற்கும், ஏனென்றால் எழுத்து வரிசையில் 9 பெரியது. தொகைக்கு முன்னால் [டபுள்] (எண்ணாக எடுத்துக்கொள் என்று அர்த்தம்) சேர்த்தால் சரியாகிவிடும்.

வைகைக்கரை:
அண்ணன் சொன்னதோடு இன்னும் சில. ஃபார்மட்-டேபிள் திரையில் பார்க்க மட்டும். அதற்குப் பிறகு எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி போட்டால் ஃபைலில் உங்கள் பில் இருக்காது, சம்பந்தமே இல்லாத என்னென்னவோ இருக்கும். 5.1-இல் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி சும்மா விட்டால் ஆஸ்கியில்தான் (ஆங்கில எழுத்துக்கு மட்டுமான குறியீட்டு முறை) எழுதும், வாடிக்கையாளர் பெயர் தமிழில் இருந்தால் எல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். கூடவே, தமிழையும் தாங்குகிற -என்கோடிங் யுடிஎஃப்8 போடுங்கள். ஸ்கிரிப்டை (கட்டளைகளை எழுதிச் சேமித்த ஃபைல்) ஓட விடமாட்டேன் என்று சிவப்பு எழுத்தில் வந்தால் பயப்படாதீர்கள், விண்டோஸில் முதலில் அப்படித்தான் பூட்டி வைத்திருக்கும். செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி ரிமோட்சைன்டு -ஸ்கோப் கரன்ட்யூசர், இதை ஒரு தடவை கொடுத்தால் போதும். பழைய ஃபைல்களை மூவ்-ஐட்டம் வைத்து நகர்த்துவதாக இருந்தால் முதல் தடவை கடைசியில் -வாட்இஃப் சேர்த்து ஓட்டிப் பாருங்கள், எதையும் தொடாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும்.

மாசிவீதி_கணக்கு:
ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். 7 என்று ஒரு பதிப்பு இருக்கிறதாமே, அது வேண்டுமா? அப்புறம், முதலில் சொல்ல விட்டுவிட்டேன், உசிலம்பட்டிக் கிளை மட்டும் சிஎஸ்வி இல்லாமல் எக்செல் ஃபைலாகவே அனுப்புகிறது.

திருநகர்க்காரன்:
7 தனியாக இறக்க வேண்டும், 5.1-ஐ அழிக்காமல் பக்கத்திலேயே இருக்கும். பவர்ஷெல் 2016-இல் ஓப்பன் சோர்ஸ் ஆன பிறகு லினக்ஸ், மேக்கிலும் ஓடுகிறது. உங்களுக்கு இப்போதைக்கு 5.1 போதும். எக்செல் ஃபைலை இம்போர்ட்-சிஎஸ்வி படிக்காது. இம்போர்ட்எக்செல் என்று ஒரு மாட்யூல் (தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கட்டளைத் தொகுப்பு) இருக்கிறது, எக்செல் இல்லாத சிஸ்டத்திலும் படிக்கும். ஆனால் உசிலம்பட்டிக்கு ஒரு போன் போட்டு, சேவ் ஆஸில் சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்வது அதைவிடச் சுலபம்.