விஎச்டிஎக்ஸ் பூட்: இடம் போதாது என்று நிற்கிறது, உதவி தேவை

நண்பர்களே, விண்டோஸ் 11 ப்ரோவை ஒரு விஎச்டிஎக்ஸ் கோப்பில் (மெய்நிகர் வட்டுக் கோப்பு) போட்டு, அதிலிருந்தே நேரடியாக பூட் செய்யப் பார்க்கிறேன். டிஸ்க்பார்ட் என்ற வட்டுக் கருவியில் 120 ஜிபி டைனமிக் வட்டு (தேவைக்கேற்ப வளரும் கோப்பு) உருவாக்கி, டிஸ்ம் கருவி மூலம் விண்டோஸ் இமேஜை அதில் இறக்கி, பூட் மெனுவில் சேர்க்கும் பிசிடிபூட் கட்டளையும் கொடுத்தாயிற்று. பூட் மெனுவில் பெயர் வருகிறது. தேர்ந்தெடுத்தால், ஹோஸ்ட் டிரைவில் (அந்தக் கோப்பு இருக்கும் டிரைவ்) இடம் போதாது என்று நீலத்திரை.

கோப்பு இப்போது 18 ஜிபிதான். டிரைவில் காலி இடம் 70 ஜிபி. பூட் ஆகும்போது டைனமிக் வட்டு முழு அளவுக்கு விரியும், சரி. (அப்புறம் எதற்கு டைனமிக் என்று பெயரோ!) பேஜ்ஃபைலும் (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் வைக்கும் கோப்பு) வெளியே ஹோஸ்ட் டிரைவில்தான் உட்காரும்.

மறுபடி நிறுவாமல் வட்டின் உச்ச அளவை 50 ஜிபியாகக் குறைக்க வழி உண்டா? அளவை மாற்றும் ரீசைஸ்-விஎச்டி கட்டளைக்கு ஹைப்பர்-வி (விண்டோஸின் மெய்நிகர் கணினி வசதி) வேண்டும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸோ அந்த வசதி இல்லாத ஹோம் பதிப்பு. இல்லை, புதிதாகச் சின்ன வட்டு உருவாக்கி, இப்போதுள்ள விண்டோஸை டிஸ்மில் கேப்சர் செய்து (இமேஜாகப் படியெடுத்து) அதற்கு மாற்றுவதுதான் நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.